தண்டல் பணத்தில் தசமபாகம்

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் படியிறங்கிப் போன பிறகு நானும் ஒரு மூப்பரும் பாய் விரித்து உட்கார்ந்து காணிக்கை எண்ணுவோம். பதினோரு வருடம் அந்த வேலையைச் செய்தேன். தண்டையார்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேலே இருக்கும் மாடி ஹால்தான் எங்கள் சபை. அறுபது எழுபது குடும்பங்கள் வரும். பையைக் கவிழ்த்தால் முதலில் சில்லறை உருளும், அப்புறம் நாலாக மடித்த நோட்டுகள், கடைசியில் பையின் மூலையில் சிக்கிக்கொண்ட தசமபாகக் கவர்கள், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கர்த்தருக்கென்று போட்டுத் தருகிற கவர்கள். சபை பெயர் அச்சடித்த கவர் தீர்ந்துவிட்டால் கடையில் விற்கும் மொய்க் கவரிலேயே போட்டுவிடுவார்கள். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருக்குமே, அதில்தான். அதனால் எங்கள் பேரேட்டில் 1,501, 901 என்றெல்லாம் தசமபாகம் வரவாகியிருக்கும். வேதாகமத்தின் லேவியராகமத்தில் இல்லாத அந்த ஒரு ரூபாயைப் பற்றி யாரும் கேள்வி கேட்டதில்லை.

சில நோட்டுகளை எண்ணுவதற்கு முன்பே மூக்கு அடையாளம் சொல்லிவிடும். காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிற அக்கா ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார். அவர் கவரைப் பிரித்தால் ஐஸ் தண்ணீரில் நனைந்து காய்ந்து விறைத்துப்போன பத்து ரூபாயும் இருபது ரூபாயும் நெத்திலி வாசனையோடு வரும். அவற்றை மட்டும் ஜன்னலோரம் பரப்பி, மேலே பாட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டு மற்றதை எண்ணுவோம்.

மீன் வாசனை எனக்கும் புதிதல்ல. காசிமேட்டில் நாலைந்து விசைப்படகு முதலாளிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். எல்லாம் சேர்த்து மாதம் 22,000 வரும். அதில் 2,200 கர்த்தருக்கு. கல்யாணமான மாதத்திலிருந்து அந்தப் பணத்தை எங்கள் பணம் என்று நாங்கள் நினைத்ததே கிடையாது. சம்பளம் கைக்கு வந்த அன்றைக்கே கவருக்குள் போய்விடும். பெருமைக்குச் சொல்லவில்லை. பல் தேய்ப்பது மாதிரி அது ஒரு பழக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வண்டி, ஃபிரிட்ஜ், மெத்தை எல்லாம் போனது, முதலாளிகளின் கணக்கு நோட்டுகளும் ஊறிக் கூழாகிவிட்டன. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்த செய்தி பரவியதும் மீன் வாங்கவே ஜனங்கள் பயந்தார்கள். படகு போகாவிட்டால் கணக்கு ஏது? ஜனவரியில் என் மனைவிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். காப்பீட்டில் வந்தது போக மீதிக்கு, தாலிச் செயினைத் தவிர எல்லா நகையும் சேட்டு கடைக்குப் போனது. அதுவும் போதாமல் பிப்ரவரியில் தண்டல் வாங்கினேன்.

தண்டல் என்றால் என்னவென்று தெரியாத பாக்கியசாலிகளுக்காக: 20,000 கேட்டால் 18,000 கையில் கொடுப்பார்கள். தினம் 200 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்க சாதுவாகத்தான் இருக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், கணக்குப் போட்டுப் பார்த்தால் வருட வட்டி எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டும். தமிழ்நாட்டில் 2003இல் வந்த அதிக வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. சட்டம் இருக்கிறது, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருமுனையில் தண்டல்காரரின் வண்டியும் வந்து நிற்கிறது. கவனித்தீர்களா, முதலிலேயே பிடித்துக்கொள்வது பத்தில் ஒரு பங்கு. தண்டல்காரர் தன் தசமபாகத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் நமக்குக் கொடுக்கிறார்.

அந்த 18,000இல் மருந்துக் கடை பாக்கி 8,000 போனது. வாடகை 7,500. மிச்சம் 2,500 இருந்தது. அதில் 2,200ஐ எடுத்துக் கவரில் போட்டேன்.

யோசித்துப் போடவில்லை. கை தன் பாட்டுக்குச் செய்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கவரை நானே பிரித்தேன், நானே எண்ணினேன். மூப்பர் பேரேட்டில் எழுதிக்கொண்டே "ரெண்டாயிரத்து இருநூறு, ஸ்தோத்திரம்" என்றார். சாயங்காலம் தண்டல்காரருக்கு 200 கொடுக்கும்போதுதான் உறைத்தது. கடவுளுக்கு வட்டிக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்குமா, அந்த 2,200க்கு நான் கட்டி முடிக்கப்போவது எவ்வளவு என்று நின்ற இடத்திலேயே போட்டுப் பார்த்தது. 2,444. பரலோகத்துக்கு ஒரு பங்கு, தெருமுனைக்கு ஒரு பங்கு.

மார்ச்சில் கவர் போடவில்லை. ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. எனக்குப் பாதிச் சம்பளம்தான். ஏப்ரலிலும் போடவில்லை. பேரேட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம் உண்டு, என் பக்கத்தில் இரண்டு கட்டம் காலியாக இருந்தது. அதைப் பார்க்கக்கூடியவர்கள் மூன்றே பேர்: நான், மூப்பர், பாஸ்டர்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு பிரசங்கம் மல்கியா மூன்றாம் அதிகாரம். மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா என்ற இடத்தில் தொடங்கி, தசமபாகம் கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற இடம் வரைக்கும் வந்தார் பாஸ்டர். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "கர்த்தருக்குக் குடுக்க வேண்டியத குடுக்கலன்னா அது வேற வழியில போயிடும். சில வீட்ல ஆஸ்பத்திரி செலவா போகும்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. யாரையும் பாராமல் சொன்னதே சுட்டிக்காட்டின மாதிரி இருந்தது. என் மனைவிக்கு வயிற்றில் தையல் ஆறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் கேட்டாள், "அப்போ என் கல்லு, நீங்க கவர் போடாததாலயா?"

கல் இருப்பது ஸ்கேனில் தெரிந்தது 2023இல். அந்த வருடம் பன்னிரண்டு மாதமும் கவர் போட்டிருக்கிறேன், பேரேட்டில் இருக்கிறது. தேதியைச் சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரி வேதாகமத்தை எடுத்து, 'தசமபாகம்' என்று வருகிற இடங்களையெல்லாம் ஒரு முதலாளியின் பழைய கணக்கைத் தணிக்கை செய்கிற மாதிரி முதலிலிருந்து படித்தேன். இறையியல் எனக்குத் தெரியாது. வரவு யாருடையது, செலவு யாருக்கு என்று பார்க்கத் தெரியும்.

பார்த்தால், நாங்கள் பிரசங்கத்தில் கேட்டதெல்லாம் வரவுப் பக்கம் மட்டும். செலவுப் பக்கத்தை யாரும் வாசித்துக் காட்டவே இல்லை.

உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் கடைசியை எடுத்துக்கொள்ளுங்கள். விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு தேவன் தெரிந்துகொண்ட இடத்துக்குப் போ, அங்கே அவர் சந்நிதியில் உன் வீட்டாரோடு உட்கார்ந்து அதைச் சாப்பிடு என்கிறது. ஆமாம், கொடுத்தவனே சாப்பிட வேண்டும். வழி தூரமாக இருந்தால் விற்றுப் பணமாக்கி முடிந்துகொண்டு போய், அங்கே உன் மனசுக்குப் பிடித்ததை வாங்கிச் சாப்பிட்டுச் சந்தோஷப்படு. வாங்கக்கூடிய பட்டியலில் ஆடு மாடு மட்டுமல்ல, மதுவும் இருக்கிறது. (இந்த வசனத்தை எங்கள் சபையில் ஏன் யாரும் வாசிப்பதில்லை என்பது எனக்குப் புரிகிறது.) மூன்றாம் வருடத்தின் தசமபாகம் ஊரை விட்டே போகக் கூடாது. வாசலிலேயே சேர்த்துவைக்க வேண்டும். ஆலயப் பணி செய்கிற நிலமில்லாத லேவியன், அயலூரிலிருந்து பிழைக்க வந்தவன், தகப்பனில்லாத பிள்ளை, விதவை ஆகியோர் வந்து சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த மீன்கார அக்கா விதவை. செலவுப் பக்கத்தில் வரவேண்டியவரை முப்பது வருடமாக வரவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் பதினோரு வருடக் கையெழுத்து என்னுடையது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தசமபாகம் விளைச்சலுக்கும் மந்தைக்கும் சொன்னது. மந்தையில் கோலுக்குக் கீழே நுழைகிற பத்தாவது ஆடுதான் கர்த்தருக்கு, முதல் ஆடு அல்ல. எழுத்தை அப்படியே படித்தால் ஒன்பது ஆடு வைத்திருந்தவன் வீட்டில் பத்தாவது என்று ஒன்று வரவே வராது. ஏழாம் வருடம் நிலம் சும்மா கிடக்க வேண்டும், தானாக முளைத்ததை ஊரில் உள்ள எளியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். விதைப்பும் அறுப்பும் இல்லாத வருடத்தில் எதைக் கொண்டு பத்தில் ஒன்று எடுப்பது? எனக்குத் தடைக்காலம்தான் ஞாபகம் வந்தது. நம் ஊரில் கடலுக்கும் 61 நாள் ஓய்வு இருக்கிறது, ஆனால் காணிக்கைப் பைக்கு ஓய்வு கிடையாது.

மீன்காரர்களிடம் தசமபாகம் வாங்கியதாக வேதத்தில் எங்கேயும் நான் பார்க்கவில்லை. பேதுருவிடம் தேவாலய வரி கேட்டு வந்தபோது தூண்டில் போடச் சொன்னார் இயேசு, முதலில் மாட்டுகிற மீனின் வாயில் வெள்ளிப்பணம் இருக்கும் என்று. காசிமேட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே மீன் வாயில் அடுத்தவன் அறுத்துவிட்டுப் போன தூண்டில் முள்தான் இருக்கும்.

மல்கியாவையும் முழுதாகப் படித்தேன். பலகணி திறக்கும் வசனத்துக்கு ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரனின் கூலியில் கைவைப்பவர்கள், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்கள் மேலும் அவருடைய கோபம் பாய்கிறது. இரண்டாம் அதிகாரம் ஆசாரியர்களைப் பார்த்து, இந்தக் கட்டளை உங்களுக்குரியது என்று தொடங்குகிறது. அப்புறம், தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்கிற 'பண்டசாலை'. என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி என்று காரணமும் அங்கேயே எழுதியிருக்கிறது. எங்கள் ஹாலில் ஸ்பீக்கர் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, ஏசி போட பட்ஜெட் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு கிலோ பருப்பு இருந்ததில்லை.

ஆபிரகாம் மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்துக்கு முன்பே கொடுத்தாரே என்பார்கள். கொடுத்தார், ஒரு தடவை, போரில் மீட்டுவந்த பொருளில். மாதச் சம்பளத்தில் அல்ல. மீதி ஒன்பது பங்கில் தனக்கென்று ஒரு நூலைக்கூட எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றும் சொன்னார், அந்தப் பாதியைச் சொல்ல மாட்டார்கள். சாறிபாத் விதவையைச் சொல்வார்கள், கடைசி மாவில் தீர்க்கதரிசி எலியாவுக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்தவள். சரி, அதற்குப் பதிலாக எலிசாவிடம் வந்த விதவையைப் பாருங்களேன். கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகப் பிடித்துப் போக வந்திருக்கிறான். எண்ணெய் பெருகி பாத்திரமெல்லாம் நிறைந்த பிறகு தீர்க்கதரிசி என்ன சொல்கிறார்? எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மீந்ததில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள். கடன், அப்புறம் சோறு. முழுக்க முழுக்க அற்புதத்தில் வந்த வருமானம், அதிலேயே பத்தில் ஒன்று கேட்கவில்லை. தண்டலில் மாட்டியிருந்த எனக்கு 2 இராஜாக்கள் நாலாம் அதிகாரத்தைவிடப் பெரிய ஆறுதல் வேறெதிலும் கிடைக்கவில்லை.

அப்போஸ்தலன் பவுலோ 'பத்து' என்ற கணக்கையே எடுக்கவில்லை. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதாக எடுத்துவை என்கிறார். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே என்கிறார். விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்கிறார். அதற்கப்புறமும் சபை பல நூறு வருடம் அப்படித்தான் போயிருக்கிறது. கி.பி. 200 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், மாதத்தில் ஒரு நாள் விருப்பமும் வசதியும் உள்ளவர்கள் மட்டும் போடுகிறோம், யாரையும் நெருக்குவதில்லை என்று எழுதியிருக்கிறார். எதற்குச் செலவு என்றும் சொல்கிறார்: ஏழைகளின் சாப்பாடு, அடக்கம், அநாதைப் பிள்ளைகள், வயதானவர்கள், கப்பல் உடைந்து கரையேறியவர்கள். அந்தக் கடைசிச் செலவைப் படித்ததும் இந்த ஆள் நம்ம ஊர்க்காரர் என்று தோன்றியது. கட்டாயம் பிற்பாடு வந்தது. 585இல் இன்றைய பிரான்ஸில் கூடிய மாக்கோன் ஆயர் சங்கம் கொடுக்காதவர்களைச் சபையை விட்டு நீக்கலாம் என்றது. 779இல் சார்லமேன் அரசன் சட்டமாக்கினான். இங்கிலாந்தில் அதன் வால் இருபதாம் நூற்றாண்டு வரை நீண்டது.

இவ்வளவும் கையில் இருந்ததும் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மே மாதம். தடைக்காலத்தில் ஃபைபர் படகும் நாட்டுப்படகும் மட்டும் போகும். வரத்து குறைவு என்பதால் ஏலத்தில் விலை ஏறும், கூடை எடுக்கவே சின்ன வியாபாரிகளிடம் முதல் இருக்காது. அப்படியும் அந்த ஞாயிறு பையில் அக்காவின் கவர் இருந்தது. நெத்திலி வாசனை, 180 ரூபாய். படியில் அவரை நிறுத்தி, "அக்கா, இந்த ரெண்டு மாசம் நீங்க போட வேணாம். வேதத்துலயே அப்படித்தான் இருக்கு, உங்களுக்குத்தான் நாங்க குடுக்கணும்" என்றேன். விடுதலை அறிவிக்கிற குரலில் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இன்னா தம்பி, எனக்கு நீ தள்ளுபடி குடுக்கிறியா? மவன் கைல வாங்கறேன், மருமவ கைல வாங்கறேன், தண்டல்காரன்கிட்ட கை நீட்டறேன். எல்லா எடத்துலயும் நான் வாங்கறவதான். இங்க ஒரு எடத்துலதான் குடுக்கறவ. அதையும் வேணான்றியா?"

என்ன பதில் சொல்வது? உபாகமம் 14 அங்கே செல்லுபடியாகவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் போய்விட்டார், மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

ஆலயக் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து இயேசு பார்த்துக்கொண்டிருந்தார் என்று மாற்கு எழுதுகிறார். விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகர்களைக் கண்டித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்தான். அந்த ஏழை விதவை இரண்டு காசைப் போட்டபோது ஓடிப்போய்க் கையைப் பிடிக்கவில்லை. சீஷர்களைக் கூப்பிட்டு, எல்லோரையும்விட அதிகம் போட்டாள் என்று காட்டினார், அவ்வளவுதான். நீங்களும் இப்படிப் போடுங்கள் என்று சொல்லவில்லை, அவளைப் போடாதே என்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் இந்தப் பகுதி எனக்குச் சுலபமாகப் புரிந்தது. இப்போது படித்தால் படியில் அக்கா நின்ற நிற்பு வந்துவிடுகிறது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். தூத்துக்குடிப் பக்கத்து கிராமத்திலிருந்து கல்யாணமாகித் தண்டையார்பேட்டைக்கு வந்தவர். அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கினார். ஊரில் அம்மா வீட்டில் பிடி அரிசிக் கலயம் இருந்ததாம். உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்து அந்தக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் களைவார்கள், சனிக்கிழமை அது கோயிலுக்குப் போகும். "எங்க ஆச்சி பத்துல ஒண்ணுன்னு எண்ணிப் பாத்ததில்லடா. பத்துப் பேருக்கு உலை வச்சா பெரிய பிடி. ரெண்டு பேருக்கு வச்சா விரல்ல எடுக்கற அளவு" என்றார்.

"அரிசியே இல்லன்னா?"

"உலை வைக்காத அன்னைக்குப் பிடி ஏது? அன்னைக்கு எவளாவது ஒருத்தி கோயில்ல இருந்து நமக்குக் கொண்டாந்து குடுப்பா. கலயம் எதுக்கு இருந்துச்சுன்னு நெனச்ச?"

ராயபுரம் புனித பேதுரு ஆலயத்தைக் கடக்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு நினைவுக்கு வருகிறது. மதராஸுக்குத் துறைமுகம் வருவதற்கு முன்னால், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து மசூலாப் படகில் சரக்கிறக்கிய படகோட்டிகள் கட்டியது அந்தக் கோயில். அலை மிரட்டுகிற நாளில் படகு இறங்காது, இறங்காத படகுக்குக் கூலியும் இல்லை. அப்படி விட்டு விட்டு வந்த காசில்தான் இவ்வளவு உயரமான கோபுரம் நிற்கிறது. நான் கணக்கெழுதும் படகுகளிலும் இன்றைக்கு வரைக்கும் அதே முறைதான். வந்த மீனை விற்று, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் செலவைக் கழித்து, மீதியைத்தான் முதலாளிக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்போம். மொத்த விற்பனையில் பங்கு கேட்கிற ஆளைக் காசிமேட்டில் பைத்தியம் என்பார்கள். தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகவா என்று சபைகளில் நடக்கிற சண்டையை படகை நடத்துகிற எந்தத் தண்டேலிடம் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் தீர்த்துவைப்பார்.

ஜூன் கடைசியில் பாஸ்டர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். பொருளாளர் முன்மாதிரியாக இருக்க வேண்டும், கொடுக்காதவர் எண்ணக் கூடாது என்பது சபை ஒழுங்கு. நானே பேரேட்டைக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். அவருடைய சொந்தக் கணக்கு. ஹால் வாடகை 14,000. அந்த மாதம் வந்த தசமபாகம் மொத்தமே 19,000. கரண்ட் பில்லும் போக மிஞ்சியதில் அவருடைய குடும்பம். உள்ளே அவர் மனைவி தையல் மிஷினில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தார், சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் சபைக்குப் பின்னால் மிஷனும் இல்லை, வெளிநாட்டுப் பணமும் இல்லை.

"நெகேமியா காலத்துல பங்கு குடுக்காததால லேவியரெல்லாம் அவங்கவங்க வயலுக்கு ஓடிப்போனாங்க பிரதர். நான் எந்த வயலுக்கு ஓடட்டும்?" என்றார்.

இதற்கும் என்னிடம் பதில் இல்லை. பேரேட்டில் பதினோரு வருடம் 'ஊழியர் படி' என்று எழுதியவன் நான், அந்தத் தொகைக்குள் ஒரு வீடு எப்படி நடக்கும் என்று ஒரு நாளும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில்லை. அதற்காக ஆஸ்பத்திரிச் செலவைச் சாபமாக்கியதை நான் ஒப்புக்கொள்ளப்போவதில்லை, இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது. அந்தப் பிரசங்கத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உபாகமம் 14ஐ மட்டும் எடுத்து வாசித்துக் காட்டினேன். மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு நோட்டை மறுபடி என் பக்கம் திருப்பினார். 19,000இல் மூன்றில் ஒன்று என்றால் ஹால் வாடகை நிற்கும். கமிட்டியில் வைப்போம் என்றார்.

தண்டல் முடிந்தது. நகையில் பாதியை மீட்டிருக்கிறோம், வளையல் இன்னும் சேட்டிடம். இப்போது மாதம் 700 போடுகிறேன். பத்தில் ஒன்று அல்ல, முப்பதில் ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே. கவரில் பெயர் எழுதுவதில்லை. போடும்போது, எல்லாம் சேட்டு கடையிலிருந்து வந்த பிறகு கூட்டலாம் என்று நினைத்துக்கொள்கிறேன். கூட்டுவேனா என்று தெரியாது. என் மனைவி மறுபடி 2,200 போடலாம் என்கிறாள். அது அவள் சம்பாத்தியமாக இருந்தால் நான் வாய் திறக்க மாட்டேன், படியில் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

கமிட்டி ஒன்பது மாதம் பேசியது. கடைசியில் 2025 தடைக்காலத்துக்கு, ஹால் வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் வைக்க முடிவானது. முடிந்தவர்கள் அரிசி கொண்டுவந்து போடுவார்கள், தேவைப்பட்டவர்கள் எடுத்துப்போகலாம், பெயர் எழுத வேண்டாம். இரண்டாவது ஞாயிறே டிரம் நிரம்பிவிட்டது. மூன்றாவது ஞாயிறும் நிரம்பியபடியே இருந்தது. நாலாவது ஞாயிறும். கூச்சம், யாரும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று மூப்பர் வருத்தப்பட்டார்.

மீன்கார அக்கா மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டு, ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற அதே பார்வை.

"ரேஷன் அரிசிதான? இது எங்க வூட்லயே மூட்டையா கெடக்குது. கவுருமெண்டே சும்மா தருது. இதை வச்சிகினு நாங்க இன்னா பண்றது? சிலிண்டர் தீந்து மூணு நாளா பக்கத்து வூட்ல ஆக்கிகினு கெடக்கறேன், அத்த யாராவது கேட்டீங்களா?"

யாரும் பேசவில்லை. பாஸ்டர் வீட்டில் இரண்டு சிலிண்டர் கனெக்‌ஷன். அன்று மத்தியானமே அவர் மகன் இரண்டாவதைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். அதற்கடுத்த வாரத்திலிருந்து கவர்ப் பணத்தில் மாதம் இரண்டு சிலிண்டர் நிரப்புவது என்று ஆகியிருக்கிறது. காலியைத் திருப்பி வைத்துவிட வேண்டும், விதி அவ்வளவுதான். அக்கா காலியைக் கொண்டுவந்து வைத்த ஞாயிறு அவருடைய கவரும் பையில் இருந்ததாம்.

புதிதாகப் பொருளாளர் ஆன தம்பி எனக்குப் போன் செய்து, சிலிண்டர் பணத்தைப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டான். அப்படி ஒரு தலைப்பு நான் இருந்தவரை அதில் இல்லை. தசமபாகம் என்றே எழுது, ஆனால் செலவுப் பக்கத்தில் எழுது என்றேன்.